ஜூலையில் கடல் மோசம்

இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்பது படித்துக்கொண்டு போனால் தெரியும். நியூசிலாந்துக்குப் போய் வந்தவர்கள் பனிமலை, ஏரி, ஆட்டு மந்தை என்று எழுதுவார்கள். நான் ஆக்லாந்தை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆட்டை ஒரு தரம் காரிலிருந்து பார்த்தேன். நான் பார்த்ததெல்லாம் ஒரு வீடு, ஒரு பஸ், ஒரு கடற்கரை. மீதி நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

பயம் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. என் பையில் நெத்திலி, முறுக்கு, மிளகாய்த்தூள், காய வைத்த கருவேப்பிலை. "ம்மா, எதையும் மறைக்காதீங்க. கேட்டா எல்லாத்தையும் எடுத்துக் காட்டிடுங்க" என்று மகள் மாலதி போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு நாய் வந்து என் பையை முகர்ந்துவிட்டு, என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தார்கள். அதிலிருந்தே அது நல்லதற்கு இல்லை என்று தெரிந்தது.

அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். பையைத் திறந்து நெத்திலியை எடுத்துப் பார்த்தாள். என் பாஸ்போர்ட்டையும் பார்த்தாள். "மலாய்?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"நோ, நோ. மலேசியா. இந்தியன்" என்றேன்.

"யெஸ், யெஸ், மலாய்" என்று தலையை ஆட்டினாள். கருவேப்பிலையை மட்டும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, போகலாம் என்று கை காட்டினாள். இந்த ஊர்க்காரர்களுக்கு மலேசியாவிலிருந்து வருகிற எல்லாரும் மலாய்தான். அவர்கள் அதைச் சும்மா, வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். எங்களுக்கு அது பிறப்புப் பத்திரத்தில் தொடங்கி அடக்கம் பண்ணும் இடம் வரைக்கும் கூடவே வரும் சொல்.

வேறு நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் மலாய்க்காரர் என்றால் இஸ்லாமியர். அவர்களைக் கல்யாணம் கட்டுகிறவர் அந்த மதத்தில் சேர்ந்தாக வேண்டும். அதற்கு மலாயில் 'மாசோக் மலாயு' என்று ஒரு பேச்சு உண்டு. மாசோக் என்றால் உள்ளே நுழைவது. வீட்டுக்குள் வருவதும் மாசோக், பள்ளிக்கூடத்தில் சேர்வதும் மாசோக், உடம்பில் குளிர் ஏறினாலும் காற்று மாசோக் ஆகிவிட்டது என்பார்கள். மாசோக் மலாயு என்றால் மலாய்க்குள் நுழைந்துவிடுவது.

மாலதி நுழையவில்லை. நர்ஸ் வேலைக்கு ஆக்லாந்து போனவள், அங்கே அஸ்மானைப் பார்த்தாள். அவர் மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானுவில் ஒரு கடலோரக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்த மலாய்ப் பையன். இருவரும் ஆக்லாந்திலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் போகவில்லை. ஆறு வயதில் மீரா என்று ஒரு மகள் இருக்கிறாள். இரண்டு பக்கமும் கூப்பிட முடிகிற பெயராகத் தேடி வைத்தார்களாம்.

அங்கே நடந்த கல்யாணம் எங்கள் நாட்டில் கல்யாணமாகச் சேராது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே அறையில் தங்கினால், யாராவது போய்ச் சொன்னால், மத இலாகாக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்கிறார்கள். பிள்ளையை எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்றும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், பிறகு கையுறைத் தொழிற்சாலை. என் மலாய் எல்லாம் அங்கே பேக்கிங் பகுதியில் கற்றது. மாலதி குடும்பத்தோடு ஊருக்கு வர வேண்டும் என்று கிள்ளான் கோயிலில் வேண்டிக்கொள்வேன். வீட்டுக்கு நடந்து வரும்போதே, வந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்வேன்.

அந்தப் பயத்தோடுதான் மவுண்ட் ரோஸ்கிலில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். மரவீடு. நடந்தால் தரை முனகுகிறது. கதவைத் திறந்தது என் மகள் இல்லை. பூப்போட்ட நீளச் சட்டையும் தூடோங்குமாக, தலையை மூடிய ஒரு மலாய்க்கார அம்மா. என் சம்பந்தி ஹலீமா. முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டார் என்று மாலதி எனக்குக் காரில்தான் சொன்னாள். முன்கூட்டியே சொன்னால் நான் வரமாட்டேன் என்று தெரியும் அவளுக்கு.

"மாசோக், ஆச்சி. மாசோக், மாசோக்" என்றார் அவர்.

உள்ளே வாருங்கள் என்றுதான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்து, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

ஜனவரி மாதம். எங்களுக்கு அது தைப்பூசக் காலம்; அங்கே கோடை. காற்று குளிர்கிறது, வெயில் தோலை உரிக்கிறது. அரை மணிக்கு ஒரு மழை. மாலதியும் அஸ்மானும் வேலைக்குப் போய்விடுவார்கள். மீராவுக்குப் பள்ளி விடுமுறை. அவளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், மலாயில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மாலதியைத் தவிர நான் பேசுவதைப் புரிந்து, புரியும்படி பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த நகரத்தில் ஒரே ஒருவர்தான். நான் யாருக்குப் பயந்தேனோ அவர்.

அவர் மலாயும் சுலபம் இல்லை. திரங்கானுக்காரர்கள் சாப்பிடுவதை மாக்கான் என்று சொல்லாமல் மாக்காங் என்பார்கள், மீனை ஈக்காங் என்பார்கள். எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு மணி கட்டியிருக்கும். இனி அவர் பேச்சை எல்லாம் எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

சமையலறையில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துவிடாமல் நடந்தோம். என் தோசைக்கல்லை அவர் தொடவில்லை. அவர் சட்டிகளை நான் தொடவில்லை. நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவர் எனக்காக மீனும் முட்டையுமாகச் செய்துகொண்டிருந்தார். மேல் அலமாரி ஒன்றில் மாலதி சின்னதாக முருகன் படமும் விளக்கும் வைத்திருக்கிறாள். கதவு போட்ட அலமாரி. அவர் வரும் சத்தம் கேட்டால் நான் அந்தக் கதவைச் சாத்திவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திறந்திருக்கும். மறுபடியும் சாத்துவேன். வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் அஸ்மான் பேச்சை எடுத்தார். ஜூலையில் மீராவுக்குப் பள்ளி விடுமுறை, அங்கே குளிர்காலம். எங்கேயாவது வெயில் உள்ள கடற்கரைக்குப் போக வேண்டும். மாலதிக்குப் பீஜித் தீவு. அஸ்மானுக்குத் திரங்கானு.

"என் வீட்டுக் கடலை மீரா பார்க்கணும்" என்றார். "ஆமை கரைக்கு வந்து முட்டை போடும். அப்பாவை அடக்கின கபுரையும் பார்த்துட்டு வரலாம். இங்க வந்ததிலிருந்து போகவே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, மாலதியிடம் பழகிய தமிழில், "அம்மா, ஒன்னும் ஆகாது. ரெண்டு ரூம் எடுக்கலாம்" என்றார்.

"கட்டுன பொண்டாட்டிக்கு வேற ரூமா?" என்றாள் மாலதி. "நல்லாருக்கே ஒங்க ஹாலிடே. சாப்பிடறப்ப மட்டும் பார்த்துக்கலாமா?"

"சும்மா சொன்னேன் லா."

"சும்மாவா? எனக்குத் தெரியாது. ரெண்டு அம்மாவும் சரின்னு சொன்னா போவோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, லீவு எழுதணும்."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஹலீமா துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். மீரா ஆமை படம் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை என் பயத்துக்கு உருவம் கிடைத்தது. ஹலீமா கொல்லையில் துணி காயப் போட்டபடி போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"பிள்ளை முதல்ல மாசோக் ஆகட்டும். சின்னதிலேயே ஆனாத்தான் நல்லது, பயம் இருக்காது. பிறகு மாலதியும் மாசோக் ஆகிடுவா, பாரு. ஆச்சிகிட்ட நானே பேசறேன். ஜூலைக்குள்ள ஆகிடணும்."

கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வைத்தேன். வைத்த சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று மெதுவாக வைத்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில், மதம் மாறியவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் இறந்தபோது, புதைப்பதா எரிப்பதா என்று இரண்டு பக்கத்தாரும் வெயிலில் நின்றது கண்முன் வந்தது. மாலதியிடம் சொல்லலாம் என்றால் அவள் வேலையில் இருந்தாள், வந்ததும் களைத்துப் படுத்துவிட்டாள். சொல்லி, வீட்டில் சண்டை வந்தால்? நான் சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காதவள். ஒரு கடையில் மீதி குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். மீராவுக்குத் தலை வாரிவிடும்போது, இந்தத் தலையில் நாளைக்கு என்ன இருக்குமோ என்று நினைத்தேன். அவள், "யூ ஆர் புல்லிங்" என்று கத்தினாள்.

சனிக்கிழமை, மீன் வாங்கப் போகலாம் வாருங்கள் என்று ஹலீமா கூப்பிட்டார். ஞாயிறு கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அதற்கு நாசி டகாங் செய்ய வேண்டுமாம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் சூரை மீன் கறியும். பேசப்போகிறார் என்று தெரிந்தது. மறுக்கத் தைரியம் இல்லாததால் போனேன்.

கடைக்குள் வெள்ளைக்காரர் ஒருவர் வெறுங்காலோடு வந்து ரொட்டி வாங்கினார். காலில் செருப்பில்லை, கையில் கார் சாவி. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவர் காலைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். எங்கள் ஊரில் இப்படி வந்தால் தைப்பூச விரதம் என்று நினைப்பார்கள். ஹலீமாவுக்கும் அது தோன்றியிருக்கும் போல, உதட்டைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸை மாற்றி ஏறிவிட்டோம். எண் சரிதான் என்று அவர் சொன்னார், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். பஸ் தெரியாத தெருக்களில் திரும்பித் திரும்பிப் போனது. பெரிய பெரிய மரங்கள், மதில் வைத்த வீடுகள், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்கள். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். கடைசியில் நாங்களும் மீனும்தான் மிச்சம்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். நம்மவர் முகம். எங்கே போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் "மவுண்ட் ரோஸ்கில் போகணும்" என்று தமிழில் சொல்ல, அந்தக் குரலைக் கேட்டு, "அம்மா! வணக்கம்! மை தாத்தா, மெட்ராஸ்" என்றார். பீஜியில் பிறந்தவராம். வணக்கமும் தாத்தாவும்தான் அவரிடம் மீதி இருந்த தமிழ். எங்களை மாறி மாறிப் பார்த்து, "யூ டூ சிஸ்டர்ஸ்? மலாய் லேடீஸ்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "யெஸ், யெஸ்" என்றார் ஹலீமா.

இது எப்சம் பகுதி, எதிர்ப் பக்கம் நின்று திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள் என்று கை காட்டி இறக்கிவிட்டார். நாங்களும் நன்றி சொன்னோம்.

எதிர் நிறுத்தத்தில் பெஞ்சு இருந்தது. தெருவில் ஒரு குருவி இல்லை. மீன் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சி, ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். மீரா மாசோக் ஆகப்போறா. அஸ்மான்கிட்டச் சொல்லிட்டேன்."

நான் மீன் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மாலதியும் ஆகிடுவா. நீங்களும் மாசோக் ஆகிடுங்களேன். தனியா என்னத்துக்கு இருக்கீங்க?"

பிள்ளைக்காக ஏதாவது சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் வாயில் வந்தது என்னைப் பற்றித்தான். "காக்," என்றேன். மலாயில் அக்கா என்று அர்த்தம். "எனக்கு வயசாகிடுச்சு காக். என்னை விட்டுடுங்க. என் வீட்டுக்காரர் போனது முருகன் பேரைச் சொல்லிக்கிட்டு. நானும் அப்படியே போயிடறேன்."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"வயசானா என்ன ஆச்சி? தண்ணி இடுப்பளவுதான்" என்றார்.

"எந்தத் தண்ணி?"

"நீச்சல் கிளாஸ். நம்ம வீட்டுக்குப் பக்கத்துல. நம்மளை மாதிரி பொம்பளைங்களுக்குத் தனி நேரம் இருக்காம். கடலுக்குப் போற பிள்ளைக்கு நீச்சல் தெரிய வேணாமா? மாலதிக்கும் தெரியாது. எங்க ஊர்ல நடக்கறதுக்கு முன்னால நீந்துவோம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் இருமல்தான் வந்தது. அவர் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. நான் எந்த மாசோக்கை நினைத்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முருகனை ஏன் இழுத்தேன் என்பதும் புரிந்திருக்கும்.

"அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். "இத்தனை நாளும் அந்தப் பயத்துலயா என்னோட சாப்பிட்டீங்க?"

நான் மீன் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

"அந்த அலமாரிக் கதவைச் சாத்திச் சாத்தி வைப்பீங்களே, அதுவும் அதுக்குத்தானா? விளக்குச் சூட்டுல மரம் கருகிடுமேன்னு நான் திறந்து திறந்து வைச்சேன்."

பஸ் வருகிற மாதிரி இல்லை. அவர் தூடோங் முனையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"என் அம்மா சீனப் பிள்ளை ஆச்சி. வீட்டுல சோறு இல்லன்னு கைக்குழந்தையாத் தூக்கிக் குடுத்துட்டாங்க. மலாய்க் குடும்பம் வளர்த்தது. மாசோக் ஆகிறியான்னு அவளை யாரும் கேக்கல, கேக்கற வயசு இல்ல. நல்லா வளர்த்தாங்க. குறையே சொல்லமாட்டா. மலாய்க்காரியா வாழ்ந்தா, மலாய்க்காரியா போய்ச் சேர்ந்தா. எங்க கம்பத்துல அவளை மாதிரி குர்ஆன் ஓத ஆள் இல்ல."

"ம்."

"பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனா மட்டும் என்னை ஒரு சீனர் கடைப் பக்கமாக் கூட்டிட்டுப் போவா. எதிர்ப் பக்கம் நிப்பா. கடைக்குள்ள ஒரு கிழவி மணி எண்ணுற பலகையை வைச்சுக்கிட்டு இருப்பா. அந்தக் கிழவியும் நிமிர்ந்து பார்ப்பா. ரெண்டு பேரும் பேசமாட்டாங்க. அந்தக் கடைக்குள்ள மட்டும் எங்கம்மா மாசோக் ஆனதே இல்ல."

அதற்கு மேல் அவர் ஏதோ சொல்ல வந்தார். "நான் மலாய்க்காரி ஆச்சி. அதுல எனக்குச் சந்தோஷம்தான். தொழுகை, பேச்சு, சாப்பாடு, எனக்கு வேற ஒன்னும் தெரியாது, வேணுங்கறதும் இல்ல. ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, மருமக மாசோக் ஆயிட்டாளான்னு. நான் 'ம்ம்' னு சொல்வேன். அந்த ம்ம்முக்கு என்ன அர்த்தமோ அவங்களே வைச்சுக்குவாங்க. பிள்ளைங்க வந்து இறங்கினா அந்த ம்ம் போதாது. அப்புறம் எதிர்ப் பக்கம் யார் நிக்கணும், நீங்களா நானா…"

பஸ் வந்துவிட்டது. மீன் பையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் கையையும் பிடித்து ஏற்றினேன். அவர் பிடி இறுக்கமாக இருந்தது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பயம் அதனால் குறையவில்லை. ஆனால் அது ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் வடக்கே போனது. பாலத்தைத் தாண்டி, ஆல்பனியின் பெரிய கடைகளைத் தாண்டி, லாங் பே என்ற கடற்கரை. அந்த வழியில்தான் நான் ஆட்டைப் பார்த்தது. கடற்கரையில் கூட்டமான கூட்டம். பசிபிக் தீவுக்காரக் குடும்பங்கள் போட்டிருந்த சட்டையோடு கடலில் உட்கார்ந்திருந்தன. சீனர்கள் குடைக்குள் உட்கார்ந்து தர்ப்பூசணி வெட்டினார்கள். உடம்பு முழுக்க மூடி நீந்துகிற ஒரு பெண்ணும், துணியை மிச்சம் பிடித்த ஒரு பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் எல்லோரையும் பார்த்தேன்.

நாசி டகாங்கைப் பிரித்தோம். அந்த மீன் கறியில் நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் இருந்தது. கையை நக்கிவிட்டு அஸ்மான் கேட்டார்: "சரி, முடிவு என்ன? ஜூலையில ஊருக்குப் போறோமா?"

மாலதி என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

"ஜூலையில முடியாது" என்றார் ஹலீமா. "ஜூலையில தெங்குஜு."

தெங்குஜு என்பது கிழக்குக் கரையின் அடைமழைக் காலம். கடல் பொங்கும், மீன்பிடிப் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும், முற்றம் வரை தண்ணீர் வரும். அது நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வருவது. அன்று காலையில்கூட அவர் தங்கை போனில் முழங்கால் தண்ணீரில் நின்று காட்டியிருந்தாள். ஜூலையில் அந்தக் கடல் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும் என்று மலேசியாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கும் தெரியும்.

அஸ்மான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மாக், தெங்குஜு இப்பத்தான் நடக்குது. ஜூலையிலதான் நான் நீந்தக் கத்துக்கிட்டேன்."

"அது அப்ப. இப்பக் காலம் மாறிப்போச்சு. ஜூலையிலயும் அலை வருது. ஆச்சியைக் கேளு, அவங்களும் அங்கதானே இருக்காங்க."

நான் இருப்பது கிள்ளானில், மேற்குக் கரையில். திரங்கானுவை நான் கண்ணால் கண்டதில்லை. கிழக்கே பத்துமலையைத் தாண்டியதாக ஞாபகம் இல்லை. அது மாலதிக்குத் தெரியும், அஸ்மானுக்கும் தெரியும்.

"அம்மா?" என்றார் அஸ்மான், தமிழில். இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முகம் கெஞ்சியது. அப்பாவின் கபுர், பிறந்த வீடு, ஆமை எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. ஹலீமா என்னைப் பார்க்கவே இல்லை. கறி ஒட்டியிருந்த இலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த இலையையே திரும்பத் திரும்ப மடித்தார்.

"ஆமா தம்பி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "ஜூலையில கடல் ரொம்ப மோசம்."

மாலதி குனிந்து மீராவின் சோற்றில் முள் பொறுக்கினாள். முள் இல்லாத துண்டு அது. அலை வந்தால் ஆமைகள் என்ன செய்யும் என்று மீரா ஆங்கிலத்தில் கேட்டதை மாலதி எங்களுக்குச் சொன்னாள்.

"ஆமைக்கும் அலைன்னா பயம்" என்றார் ஹலீமா.

அஸ்மான் எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவர் அம்மா பின்னாலேயே போனார். ஹலீமா நீளச் சட்டையோடு முழங்கால் வரை இறங்கி, மகன் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வரவில்லை. பிறகு வந்தார். பிறகு ஹலீமா திரும்பி, அத்தனை கூட்டத்திலும் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மாசோக், ஆச்சி! மாசோக்!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. கணுக்கால் வரைதான். அதற்கு மேல் போகவில்லை.

ஜூலையில் அவர்கள் பீஜிக்குப் போனார்கள். நான் கிள்ளானில் இருந்தேன், ஹலீமா திரங்கானுவில். ஒரு காலையில் எல்லோரையும் ஒரே போனில் சேர்த்து மாலதி கூப்பிட்டாள். நாலு கட்டத்தில் எங்கள் முகங்கள். மாலதி உடம்பெல்லாம் மணல். மீரா முன்பல் விழுந்த வாயைக் காட்டிவிட்டு, தண்ணீருக்கு அடியில் மூச்சுப் பிடித்தேன் என்று சொன்னாள். அஸ்மான் வேறொரு போனிலிருந்து பேசினார். "மாக், அங்க கடல் எப்படி?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

ஹலீமா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. நான் முதல் தடவையாக அந்தக் கடலைப் பார்க்கிறேன். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு படகு, வரைந்து வைத்ததுபோல, அசையாமல் நின்றது.

ஹலீமா சட்டென்று போனைத் திருப்பிக்கொண்டார். இப்போது அவருக்குப் பின்னால் வீட்டுச் சுவர், ஒரு நாள்காட்டி.

"ஐயோ, பெரிய அலைடா" என்றார். "சத்தம் கேக்கல? பெசான், நீங்களாச்சும் சொல்லுங்க."

பெசான் என்றால் சம்பந்தி. அதுவரைக்கும் அவர் என்னை, மலாய்க்காரர்கள் எந்தத் தமிழ்ப் பெண்ணையும் கூப்பிடுகிற மாதிரி, ஆச்சி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அஸ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

"இங்க வரைக்கும் கேக்குது காக்" என்றேன். "கதவைச் சாத்துங்க. தண்ணி உள்ள மாசோக் ஆகிடப்போவுது."